முதுகு காட்டி நின்றவள்

யின்ஹே அத்தையின் ஆவியைக் கரைத்துவிடுவதென்று சுன்யாவின் பெரியப்பா குறித்த நாள் விடிந்துவிட்டது.

பதினேழு நாளாக யுன்ஆன் மாளிகையில் யாருக்கும் சரியான தூக்கமில்லை. விடிந்து பார்த்தால் மேற்குக் கிணற்றடியிலிருந்து மூன்றாம் மாடியில் இருக்கும் வென்ஷூ அண்ணியின் அறைவரை ஈரக் காலடிகள். கிணறோ பதினோரு வருஷமாக மூடிக் கிடக்கிறது. எட்டு ஆள் சேர்ந்து புரட்டிவைத்த திரிகைக் கல் அதன் வாயை அடைத்திருக்கிறது. அதற்கடியில் பெரியப்பாவின் ஒரே தங்கை யின்ஹே. பத்தொன்பது வயதில், தானே குதித்துச் செத்தவள் என்றுதான் எல்லோருக்கும் தெரியும்.

நீரில் செத்தவருக்கு விடுதலை கிடைக்க ஒரே வழிதான். தனக்குப் பதிலாக இன்னொருவரை உள்ளே இழுத்துப் போட வேண்டும். அண்ணியோ நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் போஹன், சுன்யாவின் அண்ணன், பினாங்குக்குக் கப்பலேறிப் பத்து மாதம். ஒரு கடிதம் இல்லை. ஏதோ கப்பல் முழுகிவிட்டதாகச் சந்தையில் பேச்சு. அண்ணி சாப்பிடுவதை நிறுத்திப் பல நாளாயிற்று.

"அவளைத்தான் குறிவெச்சிருக்கு" என்று பெரியப்பா தாயோங் முடிவு கட்டினார். மலைக்கு அந்தப்பக்கமிருந்து பூசாரி ஹூவை வரவழைத்தார். ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், சூரியன் தலைக்கு நேரே நிற்கும் வேளையில், மனோசிலை, சாதிலிங்கம் என்னும் நச்சுத் தாதுப்பொடிகளும் சுட்ட சுண்ணாம்பும் கலந்து நான்கு ஜாடி கிணற்றில் ஊற்றுவார்கள். ஆவி உப்பாகக் கரையும். அப்புறம் அவளுக்கு மறுபிறவி கிடையாது. எங்கேயும் எதுவாகவும் இருக்க மாட்டாள்.

அன்றைக்குச் சுன்யா எல்லோருக்கும் முன்னால் எழுந்துகொண்டாள்.

தினமும் பெரியம்மா விடியலிலேயே வந்து காலடிகள்மேல் அடுப்புச் சாம்பலைக் கொட்டிப் பெருக்கிவிடுவாள். சாம்பல் கொட்டாத தடத்தைச் சுன்யா பார்த்ததே இல்லை. பதினாறு வயதுப் பெண் பார்க்கக் கூடாதாம். இன்று வளைந்த மரத்தாழ்வாரத்தில் விளக்கைத் தாழ்த்திப் பிடித்தபடி ஒவ்வொரு அடியாகத் தொடர்ந்து வந்தாள். மெல்லிய, குறுகிய பாதங்கள். கிணற்றுப் பாசியின் வாடை.

அண்ணியின் கதவுக்கு வந்ததும் நின்றாள்.

அங்கே தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது. யாரோ ராத்திரி முழுவதும் அசையாமல் நின்றிருந்த இடம். நடுவில் இரண்டு பாதங்கள் அழுத்தமாகப் பதிந்திருந்தன.

குதிகால் கதவைப் பார்த்து. விரல்கள் முற்றத்தைப் பார்த்து.

உள்ளே நுழையப் பார்ப்பவள் கதவுக்கு முதுகு காட்டி ஏன் நிற்க வேண்டும்?

கதவைத் தட்டினாள். அண்ணி தூங்கவில்லை. உடனே திறந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லக் கூடாது. ராத்திரி நீங்க கதவைத் திறந்தீங்களா?"

வென்ஷூ கீழே கிடந்த ஈரத்தைப் பார்த்தாள்.

"மூணு தரம்" என்றாள்.

"எதுக்கு?"

"கிழக்குக் கிணத்துக்குப் போகலாம்னு." அவள் குரல் தேய்ந்தது. "தண்ணி எடுக்க இல்ல, சுன்யா."

சுன்யாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் அண்ணியின் இரண்டு கையையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கதவைத் திறந்தா உங்க யின்ஹே அத்தை நிக்கறாங்க. முதுகுதான் தெரியும். தலைமுடியில இருந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கும். நான் ஒரு அடி வெச்சா ரெண்டு கையையும் நிலைக்கு நிலை விரிச்சுக்குவாங்க. பேச மாட்டாங்க. திரும்பிப் பாக்கவும் மாட்டாங்க. எனக்குக் குலை நடுங்கிடும். கதவைச் சாத்திட்டு வந்து படுத்துக்குவேன்."

"இதை ஏன் யார்கிட்டேயும் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? ராத்திரி எதுக்குடி கதவைத் திறந்தேன்னு கேப்பாங்களே!"

சுன்யா தாழ்வாரத்துக் கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்தாள். முற்றத்தில் பூசாரியின் ஆட்கள் ஜாடிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, அத்தைக்கு ஒரு ஆள் வேணும்னா சும்மா ஒதுங்கி நின்னாலே போதும். நீங்களே போய்ச் சேர்ந்திருப்பீங்க. அவங்க விடல. பதினேழு நாளா காவல் காக்கறாங்க. அவங்களைத்தான் நாம இன்னிக்குக் கரைக்கப் போறோம்."

*

அம்மா ஷௌலியன் அடுக்களையில் மூங்கிலிலைக் கொழுக்கட்டை கட்டிக்கொண்டிருந்தாள். இலையைக் கூம்பாக மடித்து, பசையரிசி வைத்து, நாரால் ஒரு சுற்று. அவள் கை வேகத்துக்கு வீட்டில் ஈடு கிடையாது.

சுன்யா பார்த்ததையும் கேட்டதையும் சொல்லச் சொல்ல அந்தக் கை மெல்ல மெல்ல நின்றது.

"அம்மா, பெரியப்பாகிட்ட நீங்க சொல்லுங்க. என் பேச்சைக் கேக்க மாட்டார்."

"என் பேச்சை மட்டும் கேப்பாரா?"

"அத்தை உங்களுக்குச் சிநேகிதிதானே? பெரியம்மாவே சொல்லுவாங்க, ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடுவீங்கன்னு. அவங்க எதுக்காக அப்படிக் குதிக்கணும்? ஒருத்தரும் காரணம் சொன்னதில்லையே!"

அம்மா இலையை எடுத்தாள். அது கிழிந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் கிழிந்தது.

"போ. போய் அண்ணி பக்கத்துல இரு. அவளைத் தனியா விடாதே."

"அம்மா..."

"போன்னு சொன்னேன்ல!"

சுன்யா திரும்பி நடந்தாள். வாசற்படி தாண்டியதும் எட்டிப் பார்த்தாள். அம்மா அரிசிப் பாத்திரத்தின் முன்னால் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

*

உச்சிவேளை நெருங்கியது. கதவுதோறும் கட்டியிருந்த வசம்பும் மாசிபத்திரியும் வெயிலில் வாடி மணத்தன. எட்டுப் பேர் தோள் கொடுத்துத் திரிகைக் கல்லை நெம்பினார்கள். பதினோரு வருஷத்துக் காற்று கிணற்றிலிருந்து பெருமூச்சாக வெளியே வந்தது. முற்றத்துக் கோழிகள் சத்தத்தை நிறுத்திக்கொண்டன.

பூசாரி ஹூ முதல் ஜாடியின் மூடியைத் திறந்தார். செம்மஞ்சள் தூளின் நெடி மூக்கைத் தாக்கியது.

சுன்யா ஓடிவந்து கிணற்றுக் கட்டையின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இறங்குடி கீழே!" பெரியப்பா கத்தினார். "பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"ஊத்தறதா இருந்தா என் மேல ஊத்துங்க."

"ஷௌலியன்! உன் பொண்ணை இழுத்துட்டுப் போ!"

கூட்டம் விலகியது. ஆனால் முன்னால் வந்தவள் அம்மா இல்லை. வென்ஷூ. பல நாள் பட்டினி. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். நாற்பது பேருக்கு நடுவில் நின்று, காலையில் சுன்யாவிடம் சொன்னதை மறுபடி சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. எதற்காகக் கதவைத் திறந்தாள் என்பதைச் சொல்லும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு கண்ணைத் திறந்து பெரியப்பாவை நேராகப் பார்த்தாள்.

"என்னை அவங்க கொல்ல வரல, பெரிய மாமா. என்னைப் பொழைக்க வெச்சவங்க அவங்கதான்."

பெரியப்பாவின் முகம் கறுத்தது. ஆனாலும் விடவில்லை.

"நீ சின்னப் பொண்ணு. உனக்குத் தெரியாது. அவ உசிரை அவளே மாய்ச்சுக்கிட்டவ. இந்தக் குடும்பத்துக்குத் தலைகுனிவைத் தேடிக் கொடுத்தவ. அப்படிப்பட்ட ஆவிக்கு நல்ல எண்ணம் எங்கேயிருந்து வரும்?"

"அவ குதிக்கல."

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். கையில் இன்னும் அரிசி ஒட்டியிருந்தது.

"குதிக்கல, பெரியவரே. பொய் சொன்னது நான்."

அவள் நடந்து வந்து கிணற்றுக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"இதே நாள். எல்லாரும் ஆத்துக்குப் படகுப் போட்டி பாக்கப் போயிட்டீங்க. நானும் அவளும் மட்டும்தான் வீட்ல. சுன்யா கோழிக்குஞ்சைத் துரத்திக்கிட்டு வந்து இதுல விழுந்துட்டா. அஞ்சு வயசு. நான் கத்தறதுக்குள்ள யின்ஹே கயித்தைப் பிடிச்சுக்கிட்டு இறங்கிட்டா. பிள்ளையைக் கயித்துல கட்டி, 'இழுங்க அண்ணி'ன்னா. இழுத்தேன். பிள்ளை வந்துட்டா. மறுபடி கயித்தை உள்ளே விட்டேன். அவளும் பிடிச்சுக்கிட்டா. பாதி வழி வந்துட்டா..."

அம்மா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"என் கையில தோலே இல்ல அப்போ. வழுக்கிடுச்சு. வழுக்கிச்சா, நானா விட்டேனான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியாது. நீங்க வந்து கேட்டப்போ, தன் பிள்ளையை எடுத்துக்கிட்டு நம்ம தங்கச்சியை விட்டுட்டான்னு சொல்லுவீங்களேன்னு பயம். குதிச்சுட்டான்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் ஒவ்வொரு நாளும் மாத்திச் சொல்லணும்னு நினைப்பேன். ஒவ்வொரு நாளும் அது இன்னும் கஷ்டமாயிடும்."

சுன்யாவுக்குத் தான் உட்கார்ந்திருந்த கல் சில்லிட்டது. ஐந்து வயதில் உனக்குப் பெரிய ஜுரம் வந்தது என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள்.

பூசாரி தொண்டையைச் செருமினார். "நேரம் தாண்டுது. ஊத்தவா, வேண்டாமா?"

பெரியப்பா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் வந்தது, போனது. பிறகு அவர் முகம் உடைந்துபோனது.

"ஒரு ஊதுவத்திகூட ஏத்தக் கூடாதுன்னு சொன்னவன் நான்" என்றார். "உடம்பைக்கூட எடுக்க வேண்டாம், கல்லைப் போட்டு மூடுங்கன்னு சொன்னவன் நான்."

ஜாடியைக் காலால் தள்ளிவிட்டார். அது உருண்டு வடிகாலில் கொட்டியது. கிணற்றுக் கட்டையைப் பிடித்துக் குனிந்தார். பதினோரு வருஷமாக அவர் வாயால் சொல்லாத பெயர்.

"யின்ஹே!"

கிணறு அதை வாங்கி வைத்துக்கொண்டது. எதிரொலி வரவில்லை.

பிறகு, அடியாழத்தில், தண்ணீர் ஒருமுறை புரண்டது. கட்டையின் உட்புறக் கல்லில் ஒரு கையின் ஈரத்தடம் தெரிந்தது. ஐந்து விரல். அத்தனை வெயிலிலும் காயவில்லை.

"மேல வரணும்னு கேக்கறா" என்றாள் அம்மா.

கிணற்று வாய் குறுகல். வளர்ந்த ஆண்பிள்ளை தோள் நுழையாது. சுன்யா ஏற்கெனவே கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பிடிக்க ஆள் இருக்கோம், நீ நகரு" என்று இரண்டு ஆண்கள் அம்மாவை விலக்கப் பார்த்தார்கள்.

"நீங்க பின்னால பிடிங்க" என்றாள் அம்மா. "முதல் கை என்னுது."

*

அந்த மலைநாட்டில் வருஷத்தில் இந்தச் சில நாட்கள்தான் வெயில் கிணற்றின் அடிவரை இறங்கும். சுவர்ப் பாசியெல்லாம் பச்சையாக மினுங்கியது. சுன்யா இறங்க இறங்க மேலே இருந்த பேச்சு தேய்ந்து, தன் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. கணுக்கால் தண்ணீரைத் தொட்டது. ஐஸைத் தொட்டதுபோல் இருந்தது.

ஏதோ காலைச் சுற்றியது. மெல்லியது, நீளமானது. தலைமுடி.

கயிற்றை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். காலுக்கடியில் தண்ணீருக்குள் ஒரு முகம் மல்லாந்து மெல்ல மேலே வந்தது. வெளிறிய முகம். திறந்த கண்கள். இமைக்கவே இல்லை. கன்னத்தில் ஒரு நத்தை ஒட்டியிருந்தது.

"நீதானா அந்தக் குட்டி?" என்றது அந்த முகம். "இவ்வளவு ஒசந்துட்டே?"

குரல் சாதாரணப் பெண்ணின் குரல். தன்னைவிட மூன்று வயதுதான் மூத்தவள் என்பது அப்போதுதான் சுன்யாவுக்கு உறைத்தது.

"அத்தை..."

"அந்தக் கோழிக்குஞ்சு பொழைச்சுதா?"

"தெரியல அத்தை."

"போகட்டும். வளர்ந்திருந்தாலும் இந்நேரம் கொழம்பாயிருக்கும்." அந்த உதடுகள் லேசாகச் சிரித்தன. சுன்யாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அந்தப் பொந்துல பாரு. எல்லாம் அடுக்கி வெச்சிருக்கேன்."

சுவரில் கல் பெயர்ந்த ஒரு பொந்து. அதில் எலும்புகள். சின்னது முன்னால், பெரியது பின்னால், ஒன்று தவறாமல் சுத்தமாகக் கழுவி அடுக்கியிருந்தன. யாராவது எடுக்க வருவார்கள் என்று பதினோரு வருஷம் தயாராக வைத்திருந்த அடுக்கு. சுன்யா கழுத்தில் தொங்கிய துணிப்பையில் ஒவ்வொன்றாக வைத்தாள். சில்லிட்ட விரல்கள் கூடவே வந்து பை வாயை விரித்துப் பிடித்தன.

"மேல கயித்தைப் பிடிச்சிருக்கறது யாரு?" என்றாள் அத்தை.

"அம்மா."

அத்தையின் விரல்கள் பை வாயை இறுக்கிக் கட்டின.

"அவளுக்குக் கை வலிக்கும். சீக்கிரம் போ."

"அத்தை, அம்மா மேல கோபம் இல்லையா?"

"முதல் மூணு வருஷம் இருந்துச்சு. அப்புறம் ராத்திரியில அவ இந்தக் கல்லு மேல வந்து உக்காந்து அழறது கேக்கும். எத்தனை நாள்தான் கோவிச்சுக்கறது? ஒண்ணு சொல்றேன், உன் அண்ணிகிட்ட சொல்லிடு. போஹன் தண்ணியில இல்ல."

"என்ன?"

"முழுகினவங்க ஒருத்தரை ஒருத்தர் விசாரிச்சுக்குவோம். கிணத்துல இருந்து ஆத்துக்கு, ஆத்துல இருந்து கடலுக்கு. தெக்குக் கடல் வரைக்கும் கேட்டுட்டேன். அப்படி ஒருத்தன் எங்ககிட்ட வரவே இல்ல."

"அப்போ அண்ணன் உசிரோட இருக்கார்! பின்னே ஏன் கடுதாசியே வரல?"

"வந்துச்சே. மூணு வந்துச்சு." அத்தையின் கண் மேலே போனது. "வாசல் குளத்துல யாரோ கிழிச்சுப் போட்டாங்க. மை கரைஞ்சு என்கிட்டதான் வந்து சேர்ந்துச்சு. 'அன்புள்ள வென்ஷூ'ன்னு ஆரம்பிச்சுது."

"யாரு கிழிச்சது?"

"தண்ணிக்குள்ள இருந்து பாத்தா கை மட்டும்தான் தெரியும். இந்த வீட்டுக் கைதான்."

சுன்யா அண்ணாந்தாள். வெள்ளை வட்டமாகத் தெரிந்த வானத்தின் விளிம்பில் கறுப்புக் கறுப்பாகத் தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. யார் யாரென்று அடையாளம் தெரியவில்லை.

காலைச் சுற்றியிருந்த முடி அவிழ்ந்தது. சில்லென்ற உள்ளங்கை ஒன்று அவள் பாதத்தைத் தாங்கி மேலே உந்தியது.

"இழுங்க அண்ணி!" என்று கிணறு அதிரக் குரல் எழும்பியது.

முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். கயிறு விறைத்தது. ஒரு அங்குலம்கூட வழுக்கவில்லை.

*

எலும்புகளைப் பெரியப்பா தன் கையாலேயே அரிசி மதுவில் கழுவினார். பெரியவர்களுக்கு வைக்கும் அதே மண்தாழியில், கால் எலும்பிலிருந்து தொடங்கி, உட்கார்ந்த நிலையில் அடுக்கினார். மண்டையோட்டை மேலே வைக்கும்போது "கொஞ்சம் சாஞ்சுக்கோம்மா" என்று முணுமுணுத்தார். முன்னோர் மண்டபத்தில் கல்யாணமாகாத பெண்ணுக்குப் பெயர்ப்பலகை வைத்துக் கும்பிடும் வழக்கம் இல்லையே என்று யாரோ இழுத்தார்கள். "இனிமே உண்டு" என்றார்.

அம்மாவோடு அவர் பேசவில்லை. ஆனால் அவள் உள்ளங்கைக்குத் தடவ மருந்து அரைத்து ஒரு கிண்ணத்தில் அனுப்பிவைத்தார்.

சாயங்காலம், மூன்றாம் மாடித் தாழ்வாரத்தில் சுன்யா அண்ணியின் காதோரம் எல்லாவற்றையும் சொன்னாள். வென்ஷூ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நெடுநேரம் தோள் குலுங்கியது. பிறகு முகத்தைத் துடைத்தாள்.

"அந்தக் கொழுக்கட்டையில ஒண்ணு எடு" என்றாள்.

ஒன்று தின்றாள். இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.

"பினாங்குக் கடுதாசியெல்லாம் கொண்டாரவர் பான் மாமாதானே? அடுத்து எப்போ வருவார்?"

"பதினாறாம் தேதி."

"வாசல் வரைக்கும் வர விடக் கூடாது. கல்பாலத்துலயே போய் நின்னுடணும். நாம ரெண்டு பேர் மட்டும்."

"எங்கே போறதா பேச்சு நடக்குது?"

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். மாடிப்படியின் மேல்படியில் பெரியம்மா. கையில் சாம்பல் கூடை. இன்றைக்குப் பெருக்க வேண்டிய காலடி எதுவும் அங்கே இல்லை.

"கல்பாலம்னு காதுல விழுந்துச்சே? பதினாறாம் தேதி எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு. மூணு பேரும் சேர்ந்தே போயிடலாமே?" என்று சிரித்தாள் பெரியம்மா.

சுன்யாவின் கண் சாம்பல் கூடையைப் பிடித்திருந்த அந்தக் கையில் போய் நின்றது.

வென்ஷூ எழுந்து நின்றாள். சுவரைப் பிடிக்கவில்லை.

"வாங்க பெரியத்தை" என்றாள். "விடியறதுக்குள்ள கிளம்பிடணும். எனக்கு அன்னிக்கு நிறைய வேலை இருக்கு."